எட்டு வயதுக் கணினியும் அக்டோபர் 14-ம்: ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

விருதுநகர் பக்கம் ஒரு வீடு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அவர் மனைவி, பி.காம். படிக்கும் பேத்தி. மூவருக்கும் பொதுவாக ஒரே ஒரு டெஸ்க்டாப். 2017 நடுவில் உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது. 2025 செப்டம்பரில் பேத்தியின் கல்லூரி, இணையவழித் தேர்வுக்காக ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னது. ‘உங்கள் விண்டோஸ் பதிப்பு பழையது’ என்று அது ஏற மறுத்துவிட்டது. அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் அனுப்பும் பாதுகாப்புத் திருத்தங்கள், முடிகிறது என்ற செய்தியையும் அதே சமயம் ஆசிரியர் நாளிதழில் படித்திருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கடையில் போய்க் கேட்க, “இது இனி தாங்காது அய்யா, புதுசு வாங்கிருங்க” என்று பதில் வந்தது. வாங்குவதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

கணினி பழசாகிவிட்டது, விண்டோஸ் 10 முடிகிறது, ஆகவே புதுசு வேண்டும். கடைக்காரர் சொன்ன இந்தக் கணக்கு மேலோட்டமாகச் சரிதான். உள்ளே பார்த்தபோது வேறு கதை இருந்தது.

பெட்டிக்குள்

இன்டெல் கோர் ஐ3-7100. அதாவது ஏழாம் தலைமுறை, இரண்டு கோர், 2017 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. எச்110 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அந்த ஆண்டுக்கு இது மோசமான தேர்வே அல்ல. வீட்டுக்கு என்ன தேவையோ அதற்கு மேல் ஒரு ரூபாயும் வீணாக்காமல் கட்டிய பெட்டி. ஸ்டார்ட் செய்து டெஸ்க்டாப் வரும்வரை காபி குடித்துவிடலாம் என்பது மட்டும்தான் குறை. அதற்குக் காரணம் பிராசசர் இல்லை, ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டில் முள் ஓடி ஓடிச் சிறுசிறு கோப்புகளைத் தேட வேண்டும். விண்டோஸ் 10 தொடங்கும்போது தேடுவதோ ஆயிரக்கணக்கில்.

பிறகு விண்டோஸ் பதிப்பைக் காட்டும் ‘வின்வெர்’ கட்டளையைத் தட்டினேன். திரையில் வந்தது: விண்டோஸ் 10, பதிப்பு 1703.

இந்த ஆய்வின் மையம் அந்த எண்தான். 2015 ஜூலை 29-இல் வெளியான விண்டோஸ் 10 பத்தாண்டு ஓடியது என்று பொதுவாகச் சொல்கிறோம். பத்தாண்டும் ஓடியது பெயர் மட்டுமே. உள்ளே இருக்கும் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. வீட்டுக் கணினிகளுக்கு அது அன்று ஏறத்தாழ 18 மாதம். 2017 ஏப்ரலில் வந்த 1703-க்கு, ஹோம், ப்ரோ இரண்டு வகையிலும், 2018 அக்டோபர் 9-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 2025 அக்டோபர் 14 வரை ஆதரவு இருந்தது 22எச்2 என்ற கடைசிப் பதிப்புக்கு. ஆக, நாளிதழ் எச்சரித்த அந்த நாள் இந்த வீட்டுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே வந்து போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் எதுவும் நிற்கவில்லை. குரோம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருந்தது. யூடியூப் ஓடியது, மின்கட்டணம் கட்ட முடிந்தது. ஆதரவு முடிந்த கணினி அணைந்துவிடாது என்பதுதான் இதில் பெரிய வம்பு.

அப்டேட் ஏன் வரவில்லை

“நான் எதையும் தொடலை தம்பி” என்றார் ஆசிரியர். உண்மைதான். தொட்டது கடை.

பெட்டியை விற்றபோது விண்டோஸை ‘ஃப்ரீயாகப் போட்டு’க் கொடுத்திருக்கிறார்கள். உரிமம் வாங்கவில்லை, ஆக்டிவேட்டர் என்று அழைக்கப்படும் ஒரு சிறு நிரல் விண்டோஸை ஏமாற்றி, உரிமம் இருப்பதாகக் காட்டுகிறது. அப்டேட் வந்தால் இந்த ஏமாற்று வெளிப்பட்டு, திரை ஓரத்தில் ‘விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்’ என்ற எழுத்து வந்துவிடும், வாடிக்கையாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார். அதனால் விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே முடக்கிவிடுவது பல கடைகளின் வழக்கம். இங்கும் அதே. அதோடு, ஆக்டிவேட்டரை வைரஸ் என்று பிடித்துவிடக் கூடாதென்று விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்திருந்தார்கள். வீட்டுக்குக் காவல்காரன் இருக்கிறான், வாசலை மட்டும் பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்த மாதிரி.

அந்த சர்வீஸை இயக்கிவிட்டிருந்தாலும் அப்டேட் ஏறியிருக்குமா என்பது சந்தேகம். ஹார்ட் டிஸ்கைக் கடையில் சி, டி, ஈ, எஃப் என நான்காகப் பிரித்து, சி-க்கு 80 ஜிபி மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பழக்கம் இது. அப்போது ஃபார்மேட் அடிக்க நேர்ந்தால் டி-யில் உள்ள படங்கள் தப்பும் என்ற நியாயம் இருந்தது. விண்டோஸ் 10-இன் ஒரு பெரிய பதிப்பு ஏற்றத்துக்கு 20 ஜிபி அளவில் காலியிடம் வேண்டும். இங்கே சி-யில் 3 ஜிபிதான் மிச்சம். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் பேரன் பேத்திகளின் திருமணப் படங்கள் கிடந்தன. எஃப் முற்றிலும் காலி.

இணையமும் இரண்டு வருடம் முன்புவரை பேத்தியின் செல்போன் ஹாட்ஸ்பாட்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா. மாதாந்திர அப்டேட் ஒன்றே சில நூறு எம்பி. டேட்டாவைக் காப்பாற்ற அவளே ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்ற, பெரும்பாலான அப்டேட்டுகளைத் தானாக இறங்கவிடாத அமைப்பை இயக்கியிருந்தாள். அந்த வயதில் அது புத்திசாலித்தனமான முடிவு. ஃபைபர் இணைப்பு வந்த பிறகு அதை மாற்றச் சொல்ல யாருமில்லை. யூபிஎஸ் பேட்டரியும் எப்போதோ செத்திருந்தது. ‘அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்’ என்ற நீலத்திரையின் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற பயம் ஊரில் எல்லோருக்கும் உண்டு.

சோம்பலோ அலட்சியமோ இதில் எங்கும் இல்லை. வாங்கிய நாளில் யாரோ எடுத்த முடிவுகள் எட்டு வருடம் வேலை செய்தன. கணினி வாங்குவது வேறு, அப்டேட் செய்வது வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். இந்த வீட்டில் இரண்டும் ஒரே பில்லில் முடிவாகியிருந்தது.

பயம் எந்தப் பக்கம் நியாயம்

அப்டேட் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், பலரும் 2017 மே 12-ஐச் சொல்வார்கள். வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், அன்று கிளம்பி 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே திருத்தம் வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள், மாட்டிய கணினிகளில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7.

நம் ஆசிரியரின் 1703-இல் அந்த ஓட்டை இல்லை, அது திருத்தத்துக்குப் பிறகு வந்த பதிப்பு. அதற்குப் பின் வந்தவை இருந்தன. 2020 ஜனவரியில் விண்டோஸ் 10 மின்சான்றிதழ்களைச் சரிபார்க்கும் முறையிலேயே ஒரு பிழை வெளிப்பட்டது. போலிக் கையெழுத்திட்ட நிரலை அசல் என்று கணினி நம்பிவிடும். 2021 கோடையில், அச்சு வேலைகளைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரில் பிழை. 2022-இல் ஃபோலினா என்று பெயரிடப்பட்ட ஒன்று, ஒரு வேர்ட் கோப்பைத் திறந்தாலே போதும் என்ற ரகம். கவியரங்கப் படைப்புகளை வேர்ட் கோப்பாக மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளும் ஒருவரின் கணினி இது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வீடுகளைப் பொறுத்தவரை என்னைக் கவலைப்படுத்துவது இவற்றைவிட எளிய ஒன்று. ஸ்டாப் அல்லது டிஜேவு எனப்படும் ரான்சம்வேர் குடும்பம் பல ஆண்டுகளாக வீட்டுக் கணினிகளையே குறிவைத்து வந்திருக்கிறது. அது பரவும் முக்கிய வழி, கிராக் செய்த மென்பொருளும் ஆக்டிவேட்டர்களும். 2019-இல் எம்சிசாஃப்ட் நிறுவனம் அதன் பல வகைகளுக்கு இலவசத் திறவுகோல் வெளியிட்டது. பிந்தைய வகைகள் பலவற்றுக்கு அது உதவாது. குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் ஒரே இரவில் திறக்காமல் போனவர்களுக்கு அதன் பொருள் தெரியும். டிஃபெண்டரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஆக்டிவேட்டரை ஓட்டிய வீட்டில் இது எட்டு வருடம் நடக்காமல் இருந்தது அதிர்ஷ்டம். முழுதாக ஸ்கேன் செய்தபோது உலாவியில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு விளம்பர நிரல்கள் தவிர வேறெதுவும் சிக்கவில்லை.

மறுபக்க பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2018 அக்டோபரில் வெளியான 1809 பதிப்பு, ஏற்றியவர்களில் சிலருடைய டாகுமென்ட்ஸ் ஃபோல்டரையே அழித்தது. மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்துச் சரிசெய்து பிறகே மீண்டும் வெளியிட்டது. 2024 ஜூலை 19-இல் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. அந்த மென்பொருள் நிறுவனங்களில் இருப்பது, வீடுகளில் இருப்பதில்லை என்றாலும், ‘அப்டேட் போட்டா கெட்டுப்போகும்’ என்ற ஊர்ப்பேச்சு அன்று முழு நியாயம் பெற்றது. இந்தப் பயத்துக்கு என் பதில் ஒன்றுதான்: முதலில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் நகல். இந்த வீட்டிலும் வேறெதையும் தொடும் முன் அதைத்தான் செய்தோம்.

விண்டோஸ் 11 ஏன் ஏறாது

மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் நிரலை ஓட்டினால் இரண்டு சிவப்புக் குறிகள். முதலாவது, இரகசியச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி இல்லை என்றது. இதைப் பார்த்துத்தான் பலர் கணினியைக் கழித்துக்கட்டுகிறார்கள். ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பலகைகள் பலவற்றில் அது, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயோஸுக்குள் பிடிடி என்ற பெயரில் தூங்கிக்கொண்டிருக்கும், எழுப்பினால் போதும். எழுப்பினோம், குறி பச்சையானது. இரண்டாவது, பிராசசர். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர எதையும் விண்டோஸ் 11 பட்டியலில் சேர்க்கவில்லை. அதை மாற்ற ஸ்விட்ச் கிடையாது.

குறுக்கு வழி இருக்கிறது. ரூஃபஸ் என்ற இலவச நிரல் பென்டிரைவை உருவாக்கும்போதே இந்தச் சோதனைகளை நீக்கிவிடும், இந்த ஐ3-இல் விண்டோஸ் 11 ஓடவும் செய்யும். நான் பரிந்துரைக்கவில்லை. பட்டியலில் இல்லாத கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் பென்டிரைவோடு யாராவது வந்து உட்கார வேண்டும். அப்டேட் நின்றுபோன கணினியைச் சரிசெய்ய வந்து, அப்டேட் நிற்கக்கூடிய இன்னொன்றை வைத்துவிட்டுப் போவதில் என்ன பயன்?

இன்னொரு வழி, விண்டோஸ் 10-க்கு ஓராண்டு நீட்டிப்பு. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர். அசல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு, பலருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்கு 22எச்2 பதிப்பு வேண்டும், 22எச்2-க்கு ஒழுங்கான உரிமம் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் விண்டோஸ் 10 உரிமம் விற்பதை 2023 ஜனவரி 31-உடன் நிறுத்திவிட்டது. ஓராண்டு ஆயுளுக்காக அலைந்து உரிமம் தேடுவது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

முடிவு

ஒரு கணினியில் மூன்று பேர் செய்யும் வேலைகளை எழுதிப் பார்த்தபோது விடை தானாக இரண்டாகப் பிரிந்தது. பேத்திக்கு விண்டோஸ் தவிர வேறு வழியில்லை: தேர்வு மென்பொருள், டாலி, கல்லூரி கேட்கும் எக்செல். தாத்தா பாட்டிக்கு உலாவி, தட்டச்சு, படம், பாட்டு. எனவே பேத்திக்குப் புது லேப்டாப். பழைய பெட்டியைத் தூக்கிப்போடாமல் 256 ஜிபி எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டே இல்லாத, வேகமான டிஸ்க்) கூடுதலாக ஒரு 8 ஜிபி ரேமும் போட்டு, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம்.

லினக்ஸ் என்றதும் பேத்தி முகம் சுளித்தாள். அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸுடன் வந்த பாஸ் லினக்ஸை அவள் அக்கா முதல் நாளே அழித்ததை அவள் பார்த்திருக்கிறாள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய அதன்மீது எனக்கு மரியாதை உண்டு. கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் கையில் திணிக்கப்பட்டதுதான் அதன் கெட்ட நேரம். இப்போதைய மின்ட் வேறு. உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு, உரிமச் சிக்கல் அறவே இல்லை. அதாவது 2017-இல் செய்த அந்த ஐ3-க்கு, விண்டோஸ் தர மறுத்த இன்னும் சில ஆண்டுகள்.

எஸ்எஸ்டி போட்டபின் பெட்டி அரை நிமிடத்துக்குள் தயாரானது. எட்டு வருடமாகப் பிராசசரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த வீடு அது. ரேம் வாங்கியதும் நல்ல நேரத்தில். 2025 கடைசி மாதங்களில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை உலகெங்கும் ஏறிவிட்டது.

லேப்டாப் வாங்கியது

முதல் யோசனை ரீஃபர்பிஷ்டு, அதாவது சீர்செய்து விற்கும் பழைய லேப்டாப். மதுரைக் கடைகளிலும் ஆன்லைனிலும் ‘கோர் ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி’ என்று கண்ணைப் பறிக்கும் விலையில் கிடக்கின்றன. தலைமுறையைச் சொல்ல மாட்டார்கள். ஐ5-6300யு என்றால் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11-க்குக் கதவு மூடிவிட்டது. ஐ5-8250யு என்றால் திறந்திருக்கிறது. ஐ5-1135ஜி7 பதினொன்றாவது. முழு எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். ஏஎம்டியில் இன்னும் வம்பு: ரைசன் 2000 வரிசையிலிருந்து சரி என்று பொதுவாகச் சொன்னாலும், 5 2400ஜி போன்றவை உள்ளே பழைய வடிவமைப்பு என்பதால் பட்டியலில் இல்லை. குறைந்த விலையில் வாங்குகிறோமா, குறைந்த ஆயுளை வாங்குகிறோமா என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. தலைமுறை சொல்லாத விளம்பரத்தை நான் ஆறாவது என்றே எடுத்துக்கொள்கிறேன். இதுவரை பெரிதாகத் தவறியதில்லை.

புதியதே வாங்குவது என்றான பிறகு கடையில் ஒரே மாடலுக்கு இரண்டு விலை சொன்னார்கள். சில ஆயிரம் குறைவானது, விண்டோஸ் உரிமம் இல்லாமல் வரும் ‘டாஸ்’ மாடல். “ஓஎஸ் நாங்க ஃப்ரீயா போட்டுத் தர்றோம்மா” என்றார் விற்பனையாளர், பேத்தியிடம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். விண்டோஸ் 11 உரிமத்தோடு வரும் மாடலையே எடுத்தோம்: 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ரேம் கூட்ட ஒரு ஸ்லாட் காலி. திரையின் நிறத்தைப் பற்றியும் விசைப்பலகை விளக்கைப் பற்றியும் விற்பனையாளர் நிறையச் சொன்னார். எழுதும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

வீட்டில் அமைக்கும்போது கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போதைய விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் பெரும்பாலும் டிஸ்க் முழுவதையும், சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி, தானே என்கிரிப்ட் செய்துவிடுகிறது. லேப்டாப் திருடு போனால் நல்லது. பயோஸில் ஏதாவது மாறி, அது மீட்புச் சாவி கேட்கும் நாளில் கணக்கின் கடவுச்சொல்லும் மறந்திருந்தால், உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது. 48 இலக்கச் சாவியை ஆசிரியரின் டைரியில், எல்ஐசி பாலிசி எண்களுக்குக் கீழே எழுதிவைத்தோம்.

பாமினி கோப்புகள்

நேரம் அதிகம் தின்றது இதுதான். ஆசிரியரின் இருபதாண்டு எழுத்து பாமினியிலும் வானவில் அவ்வையாரிலும் கிடந்தது. இவை ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய முறையைச் சேர்ந்தவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்து ஒப்பேற்றிய எழுத்துருக்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மரபுக் கவிதை ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கடைகளில் ‘ஃபார்மேட் அடித்து’ வாங்கி வந்தவர்கள் கோப்பே கெட்டுவிட்டதாக நினைப்பது இதனால். பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக்களை எடுத்து மின்ட்டில் போட்டோம், லிப்ரே ஆபீஸில் கவிதைகள் அப்படியே வந்தன. அடிக்கடி வேண்டியவற்றை ஒருங்குறிக்கு மாற்றியாயிற்று. மாற்றியில் சில கிரந்த எழுத்துகள் உருமாறியதால் ஒவ்வொன்றையும் அவரே மெய்ப்புப் பார்த்தார்.

தட்டச்சில் இன்னொரு பிடிவாதம். அவர் கை பழகியது தட்டச்சுப்பொறி விசையமைப்பு, தமிழ் 99 அல்ல. ‘எழுபது வயசுல விரலை மாத்த முடியாது தம்பி.’ மின்ட்டில் ஐபஸ் என்ற தட்டச்சு நிரல் வழியாகப் பழைய தட்டச்சு அமைப்பும் கிடைக்கிறது என்று காட்டியபோதுதான் அவர் லினக்ஸை ஒத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரத் திருத்தங்களை இரண்டாம் செவ்வாய் வெளியிடும். நம் நேரத்துக்கு அது இரவு பத்தரை, பதினொன்றரை ஆகிவிடுவதால் பேத்தி புதன் மாலையில் பார்க்கிறாள். சார்ஜர் மாட்டியிருப்பதால் கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும். யூபிஎஸ் பயம் லேப்டாப்பில் இல்லை. பாட்டியும் தாத்தாவும் உட்காரும் பெட்டிக்குப் புது யூபிஎஸ் பேட்டரி போட்டாயிற்று. அதில் அப்டேட் மேனேஜரின் கேடயப் படத்தில் புள்ளி தெரிந்தால் ஆசிரியர் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டுத் தொலைக்காட்சிச் செய்தி பார்க்கப் போகிறார். டைம்ஷிஃப்ட் என்ற நிரல் வாரம் ஒரு முறை அமைப்பின் நகலை எடுத்து வைக்கிறது, ஏதாவது அப்டேட் சொதப்பினால் பின்னால் போக.

தீராத ஒன்றும் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் காணும் அந்தச் சிறிய, பழைய லேசர் பிரிண்டர்தான் இந்த வீட்டிலும். லினக்ஸில் அதன் டிரைவர் ஒரு நாள் வேலை செய்தால் மறுநாள் செய்வதில்லை. இப்போதைக்கு ஆசிரியர் கவிதையை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் பேத்திக்கு அனுப்புகிறார். அவள் லேப்டாப்பிலிருந்து அச்சடித்துத் தருகிறாள். டோனர் தீரும்வரை இப்படியே போகட்டும், பிறகு லினக்ஸில் ஒழுங்காக ஓடும் பிரிண்டர் ஒன்றைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.